ஏரியை விழுங்கியது யார்?

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் மழை கொட்டியதும் ஒரு சொல் தவறாமல் வந்துவிடும்: 'ஆக்கிரமிப்பு'. தொலைக்காட்சிக் கேமராக்கள் கூவம் கரைக்கும் அடையாற்றுக் கரைக்கும் ஓடும். குடிசைகளைக் காட்டுவார்கள். வெள்ளத்துக்குக் காரணம் இவர்கள்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். கொஞ்ச நாளில் பொக்லைன் வந்து நிற்கும். அந்த மக்கள் ஏன் ஆற்றங்கரைக்கு வந்தார்கள், இந்த ஊரின் ஏரிகளை மூடியது யார் என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

1639இல் கிழக்கிந்திய கம்பெனி மதராசப்பட்டினத்துக்கு வந்தபோது இங்கே இருந்தவை மீனவர் குப்பங்கள், நெல்வயல்கள், ஏரிகள், சேரிகள். கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று பாடநூல் சொல்லும். கறுப்பர் பட்டணத்திலிருந்தும் ஒதுக்கப்பட்டு 'பறைச்சேரி' இருந்ததைப் பழைய ஆங்கிலேய வரைபடங்களே காட்டுகின்றன. ஊர், சேரி என்ற பிரிவினை கிராமத்தோடு நின்றுவிடவில்லை. நகரத்தின் வரைபடத்திலும் ஏறியது.

நகரத்தைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலம் மிராசுதாரர்கள் கையில் இருந்தது. நம் முன்னோர் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லை. இதை ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையைத்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாகச் சொல்கிறோம். அதற்கு முன்பே 1876-78 பஞ்சம் மக்களைக் கூட்டம் கூட்டமாகத் துரத்தியிருந்தது. நிலமில்லாதவர்கள் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் துப்புரவுப் பணிக்கும் வந்தார்கள். நகரம் அவர்களுடைய உழைப்பை வாங்கிக்கொண்டது, மனை தரவில்லை. வேறு யாருக்கும் வேண்டாத இடம்தான் மிஞ்சியது: ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, புறம்போக்கு.

அதே காலத்தில் நகரம் ஏரிகளை என்ன செய்தது? மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து 'லாங் டேங்க்' என்ற நீண்ட நீர்ப்பரப்பாக இருந்தன. 1920களில் அதை வற்றவைத்து, மனை பிரித்து, தியாகராய நகரை உருவாக்கினார்கள். இன்றைக்கும் நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. கரையும் இல்லை, ஏரியும் இல்லை. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. இவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. காரணம் எளிது. அரசு நினைத்தால் ஆவணத்தில் நிலத்தின் வகையை மாற்றிவிடலாம். வகையை மாற்றியவர் கட்டினால் அது 'வளர்ச்சித் திட்டம்'. மாற்ற அதிகாரம் இல்லாதவர் குடிசை போட்டால் அது 'ஆக்கிரமிப்பு'.

பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக, பசித்த மக்களின் கைகளால் வெட்டப்பட்டது. நூறு ஆண்டு கழித்துப் பறக்கும் ரயிலுக்கான தூண்களை அந்தக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். நீரோட்டம் குறுகியது. ரயில் நிலையங்களை யாரும் இடிக்கவில்லை. ஆனால் அதே கால்வாயோரம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகளை இடித்தார்கள். அதை எதிர்த்துத் தீக்குளித்த ஒருவர் உயிரிழந்தார்.

இடிக்கப்பட்டவர்களை எங்கே அனுப்புகிறார்கள் என்பதில்தான் இந்த வரலாற்றின் உச்சக் கொடுமை இருக்கிறது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலை அடைகிறது. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அந்தச் சதுப்பின் பெரும்பகுதியைச் சில பத்தாண்டுகளில் தொலைத்துவிட்டோம். பெருங்குடியில் குப்பை மலை எழுந்தது. ஐ.டி. நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள், சாலைகள் வந்தன. எஞ்சியதற்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அந்தத் தாழ்நிலப் பகுதியில்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளையும் கட்டினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து தூக்கிய மக்களை வெள்ளம் வந்து தேங்கும் இடத்தில் இறக்கிவிட்டார்கள். வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போயின. நகரத்துக்குள் இருந்த சேரி நகரத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்டது. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய விதியே மாடிவீடாகத் திரும்பி வந்தது.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. அது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று தணிக்கைத் துறையே பின்னர் சொன்னது. ஆனாலும் தண்டனை கரையோர மக்களுக்கு: ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வெள்ளம் விட்டுப்போன அழுகல் குப்பையை அள்ளப் பல மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் நகரமே வேண்டாம், கிராமத்துக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. கிராமத்தை உயர்த்திப் பேசியவர்களை அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே கடுமையாக மறுத்தார். ஏரியும் வயலும் அழகாக இருந்த அதே கிராமத்தில்தான் பொதுக்கிணற்றில் நமக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது. நகரம் நமக்கு வேண்டும். ஆனால் ஏரியை மூடாத நகரம், நம்மையும் ஒதுக்காத நகரம் வேண்டும். இவை இரண்டு கோரிக்கைகள் அல்ல. ஏரியையும் சேரியையும் 'வீண் நிலம்' என்று பார்த்த கண் ஒன்றுதான்.

ஏரிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும் சூழலியல் நண்பர்களோடு நமக்குச் சண்டையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: இடிப்பைக் குடிசையிலிருந்து தொடங்காதீர்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் பகுதி ஏரியின் பழைய 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இன்றைய நிலத்தோடு ஒப்பிடுங்கள். எந்த ஆண்டில், எந்த ஆணையில், யாருக்காக நிலவகை மாறியது என்று பட்டியல் போடுங்கள். அடுத்த மழைக்குப் பொக்லைன் வரும்போது அந்தப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.