நூற்றில் ஒன்று எங்கே போனது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் ஒரு கணக்கோடு வந்தாள். ஒரு டிரான்சிஸ்டரில் உமிழ்ப்பான் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர், ஆல்பா 0.99, மற்ற இரண்டு மின்னோட்டங்களையும் காண்க. அவளே போட்டுவிட்டாள். ஏற்பானில் 1.98 மில்லி ஆம்பியர். மீதி 0.02, அதாவது 20 மைக்ரோ ஆம்பியர், அடிவாயில். 1.98ஐ 0.02ஆல் வகுத்தால் பீட்டா 99.

"நூறு பங்கு புறப்பட்டு 99 தான் போய்ச் சேருது. அந்த ஒண்ணு எங்கே போச்சு தாத்தா?" என்றாள்.

"சூத்திரம் அப்படித்தாம்மா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவன் நான். உண்மையில் எனக்கும் விடை தெரியாது. தேடிப் படித்தேன். அந்த ஒன்றுக்குப் பின்னால் மூன்று பெரிய மனிதர்களின் மனக்கசப்பே இருக்கிறது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம், முர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகம். 1947 டிசம்பர் 16. வால்டர் பிராட்டைன் ஒரு முக்கோண பிளாஸ்டிக் துண்டின் ஓரத்தில் தங்கத் தகட்டை ஒட்டி, முனையில் பிளேடால் கீறி இரண்டாகப் பிரித்தார். இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர். அதை ஜெர்மானியக் கட்டியின் மேல் ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்தார். ஒரு முனையில் கொடுத்த சிறு சமிக்ஞை மறுமுனையில் பெரிதாகி வந்தது. பிராட்டைன் கைவேலைக்காரர், கூட இருந்த ஜான் பார்டீன் கோட்பாட்டு அறிஞர். உலகின் முதல் டிரான்சிஸ்டர் அது.

அவர்களின் குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லி. அந்தக் கண்டுபிடிப்பில் தன் கை நேரடியாக இல்லையே என்று அவருக்கு ஆற்றாமை. காப்புரிமையில் தன் பெயரும் வரவேண்டும் என்றார். ஆனால் அவருடைய மின்புலக் கருத்தை ஒத்த ஒன்றுக்கு லிலியன்ஃபெல்ட் என்பவர் 1930லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அதனால் வழக்கறிஞர்கள் ஷாக்லி பெயரை விட்டுவிட்டார்கள்.

கோபத்தில் அவர் செய்த காரியம்தான் நமக்கு முக்கியம். தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். மின்துளைகள் ஜெர்மானியத்தின் மேற்பரப்பை ஒட்டித்தான் ஓடுகின்றன என்று பார்டீனும் பிராட்டைனும் கருதியிருந்தார்கள். உடம்பின் ஊடாகவே போக முடியும் என்றது ஷாக்லியின் கணக்கு. அப்படியானால் ஊசிமுனைகளே வேண்டாம். மூன்று அடுக்குகளை ஒட்டினாற்போல் வைத்தால் போதும். 1948 ஜனவரியில் இதைக் குறிப்பேட்டில் எழுதி, கூட வேலை செய்தவர்களிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். பிப்ரவரியில் ஜான் ஷைவ் என்ற சக ஆய்வாளர், மெல்லிய ஜெர்மானியத் துண்டின் இரு பக்கமும் எதிரெதிராக முனைகளை வைத்து வேலை செய்ய வைத்துக் காட்டினார். மின்துளைகள் ஊடாகத்தான் போகின்றன! ஷாக்லி உடனே எழுந்து தன் கருத்தை வெளியிட்டார். 1949இல் அவருடைய கோட்பாடு கட்டுரையாக வந்தது. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர் இதுதான்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். என்பிஎன் டிரான்சிஸ்டரில் உமிழ்ப்பானிலிருந்து எலக்ட்ரான்கள் அடிவாய்க்குள் நுழைகின்றன. அடிவாய் முழுக்க மின்துளைகள். பகைவர் தெருவைக் கடப்பது போல. தெரு மிகக் குறுகலாக இருப்பதால் பெரும்பாலானவை தப்பித்து ஏற்பானை அடைகின்றன. ஒரு சில வழியில் மின்துளைகளோடு சேர்ந்து மறைகின்றன. அடிவாயிலிருந்து சில மின்துளைகள் உமிழ்ப்பானுக்குள்ளும் நழுவுகின்றன. இப்படிக் குறையும் மின்துளைகளை ஈடுகட்டத்தான் அடிவாய்க் கம்பியில் அந்த 20 மைக்ரோ ஆம்பியர். காணாமல் போன ஒன்று அதுதான். அதைக் கொடுக்காமல் நிறுத்தினால் 99உம் ஏறக்குறைய நின்றுவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். ஆல்பா 0.99இலிருந்து 0.98 ஆனால் சின்ன மாற்றம்தானே? பீட்டாவோ 99இலிருந்து 49க்கு இறங்கிவிடும். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு டிரான்சிஸ்டர்களின் பீட்டா ஒன்றாக இருக்காததற்கு இதுவும் காரணம். நல்ல பொறியாளர் பீட்டாவை நம்பிச் சுற்று அமைக்க மாட்டார்.

1954இல் ஈபர்ஸ், மோல் என்ற இருவர், டிரான்சிஸ்டரை ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு டையோடுகளாகக் கருதி, எந்த நிலையிலும் மூன்று மின்னோட்டங்களையும் கணக்கிடும் சமன்பாடுகளைத் தந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் நான்கு டிரான்சிஸ்டர்கள் கொண்ட ரேடியோ விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் ரேடியோ பெட்டிக்கே 'டிரான்சிஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டோமே!

1956இல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குள் மூவரும் பிரிந்திருந்தார்கள். பார்டீன் 1951லேயே ஆய்வகத்தை விட்டு இல்லினாய் பல்கலைக்கழகம் போய்விட்டார். ஷாக்லி தொடங்கிய நிறுவனத்திலிருந்தும் 1957இல் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் விலகினார்கள். கணக்கில் அத்தனை கூர்மையான மனிதருக்கு, கூட இருப்பவர்களோடு பகிர்ந்துகொள்ளத் தெரியவில்லை.

பேத்திக்கு இதைச் சொன்னபோது, "அப்போ அந்த ஒண்ணு வீணாப் போகல" என்றாள்.

என்னிடம் படித்த பிள்ளைகளே, "ஏன் சார்?" என்று கேட்டு, "அப்படித்தான், எழுது" என்று நான் உட்கார வைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வருந்துகிறேன். உங்கள் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

பழக்கதோஷம், ஒரு கணக்கு: உமிழ்ப்பான் மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர், ஆல்பா 0.98. அடிவாய் மின்னோட்டம் எவ்வளவு? விடையோடு, அது எதற்குத் தேவை என்றும் ஒரு வரி எழுதுங்கள். அதற்குத்தான் மதிப்பெண்.

அனைவரும் நலமுடன் வாழ்க.