எது தொடர்பு? புரத அமைப்பில் அமினோ அமிலங்களின் நெருக்கமும் சென்னை, திருச்சி ஆய்வுகளும்

ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பு கையில் கிடைத்துவிட்டால், அதில் எந்த அமினோ அமிலம் எதனோடு தொடர்பு கொண்டுள்ளது என்று கணக்கிடுவது இன்று சில நொடி வேலை. திருவனந்தபுரத்தில் காரியவட்டம் வளாகத்திலோ ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்திலோ பயிலும் ஆய்வு மாணவர் புரதத் தரவு வங்கியிலிருந்து அணுக்களின் ஆயத்தொலைவுகளை இறக்கிக்கொண்டு, ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் வரும் இணைகளையெல்லாம் புள்ளிகளாக இட்டால் போதும். தொடர்பு வரைபடம் தயார். வேலை எளிதாகிவிட்டதால் அதன் அடியிலுள்ள கேள்வி கண்ணில் படாமல் போகிறது. அந்த 8 ஆங்ஸ்ட்ராமை எதற்காக, எந்தச் சான்றின் பேரில் வகுத்தார்கள்? தொடர்பு என்பது ஆய்வாளர் ஒரு கேள்விக்காக வரையும் எல்லை என்பதும், அந்த எல்லைக்கு அளவீட்டுச் சான்று இருந்தால்தான் தொடர்புக் கணக்கு அறிவாகும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்றாகச் சென்னையிலும் திருச்சிராப்பள்ளியிலும் நடந்த ஆய்வுகளை எடுத்துக்கொள்கிறேன்.

எல்லையை யோசிக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை ஓர் ஆல்ஃபா சுருளில் பார்க்கலாம். அதில் ஒவ்வோர் அமினோ அமிலமும் அடுத்ததிலிருந்து 100 பாகை சுழன்று 1.5 ஆங்ஸ்ட்ராம் மேலேறுகிறது. கணக்கிட்டால், ஓர் ஆல்ஃபா கார்பனுக்கும் அதிலிருந்து மூன்றாவதற்கும் இடையே ஏறத்தாழ 5 ஆங்ஸ்ட்ராம், நான்காவதற்கு 6.2, ஐந்தாவதற்கு 8.7 என்று தூரங்கள் வரும். ஆகவே 8 ஆங்ஸ்ட்ராம் எல்லை வைத்தால், சுருளின் நடுவிலுள்ள ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் முன்னே நான்கும் பின்னே நான்குமாக எட்டுத் தொடர்புகள் கட்டாயம் கிடைக்கும். எந்தப் புரதமானாலும், அது எந்த வேலை செய்தாலும், இந்த எட்டு மாறாது. சுருள் மிகுந்த புரதம் ‘அதிகத் தொடர்புகள்’ உடையது என்று இதைக்கொண்டு முடிவு கட்டினால், சுருளின் வடிவியலைத்தான் வேறு பெயரில் சொல்கிறோம். மறுபக்கம், ஆர்ஜினினின் நீண்ட பக்கச்சங்கிலி அஸ்பார்ட்டிக் அமிலத்தை எட்டிப் பிடித்து உப்புப் பாலம் அமைக்கும்போது, மின்னேற்ற அணுக்கள் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தாலும் ஆல்ஃபா கார்பன்கள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கும் அப்பால் இருக்கக்கூடும். அப்போது அமைப்பைத் தாங்கும் ஒரு பிணைப்பே கணக்கில் வராமல் போகிறது. பொருளற்றதைச் சேர்ப்பதும் பொருளுள்ளதை விடுவதும் ஒரே எல்லைக்குள் நிகழ்கின்றன.

இந்தச் சிக்கலை முறையாக எதிர்கொண்ட முன்னோடி முயற்சி சென்னையில் நடந்தது. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இலும் 1955இலும் கொலாஜன் என்னும் புரதத்துக்கு மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை முன்வைத்தார். மும்மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பது அவர்கள் வாதம். அப்படி அமைத்தால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று ஆய்வாளர்கள் ரிச்சும் கிரிக்கும் மறுத்து, ஒரு பிணைப்பே இருக்க முடியும் என்றனர். இங்கே எழுந்த கேள்வி மிக எளிமையானது: அணுக்கள் எவ்வளவு நெருங்கினால் அது ‘அளவுக்கு மீறியது’? இதற்கு விடை தேடி, அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் போன்றவற்றின் அறியப்பட்ட படிக அமைப்புகளில் பிணைக்கப்படாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று இராமச்சந்திரன் குழுவினர் தொகுத்தனர். கிடைத்த அளவுகளிலிருந்து அவர்கள் ஒவ்வோர் அணு இணைக்கும் இரண்டு எல்லைகள் வகுத்தனர். கார்பன், ஆக்ஸிஜன் இணைக்கு இயல்பு எல்லை 2.8 ஆங்ஸ்ட்ராம், இறுதி எல்லை 2.7. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டுக்கு முறையே 2.0, 1.9. இந்த அட்டவணையைக் கொண்டு ஃபை, சை என்னும் முறுக்குக் கோணங்களில் எவை இயலும், எவை இயலாது என்று கணக்கிட்டு இராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டதுதான் இன்று உலகெங்கும் பாடநூல்களில் உள்ள இராமச்சந்திரன் வரைபடம். கிளைசின் அல்லாத அமினோ அமிலங்களுக்கு அந்த வரைபடத்தின் பரப்பில் கால்பங்குக்கும் குறைவான இடமே திறந்திருக்கிறது. அணு அளவில் தெளிவாகத் தெரிந்த புரதம் மயோகுளோபின் ஒன்றாகவே இருந்த காலத்தில் இத்தனை தூரம் சொல்ல முடிந்ததற்கு, எல்லையை அவர்கள் அளவீட்டிலிருந்து எடுத்ததே காரணம்.

கொலாஜன் வழக்கின் பிற்கால வரலாறு இந்த வாதத்துக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிக அமைப்பு 1994இல் வெளிவந்தபோது மும்மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பது உறுதியானது. அந்த அளவில் ரிச், கிரிக் தரப்பே சரி. அதே படிகத்தை 1996இல் மீண்டும் ஆராய்ந்தபோது, ஆல்ஃபா கார்பனின் ஹைட்ரஜனுக்கும் அண்டைச் சங்கிலியின் ஆக்ஸிஜனுக்கும் இடையிலான நெருக்கங்கள் வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகளே என்பதற்குச் சான்று கிடைத்தது. குறுகிய நெருக்கமெல்லாம் பிழை என்று எளிதில் தள்ளிவிட முடியாது என்ற சென்னையின் உள்ளுணர்வும் வீண்போகவில்லை. இரண்டு தரப்பும் தம் எல்லைகளை எண்ணாகச் சொல்லியிருந்ததால்தான் நாற்பது ஆண்டுகள் கழித்தும் அவற்றைச் சரிபார்க்க முடிந்தது. சொல்லப்படாத எல்லையைத் திருத்தவும் முடியாது.

இராமச்சந்திரன் அணுக்களின் நெருக்கத்தைப் பார்த்தார் என்றால், திருச்சியில் ஆய்வாளர் பி. கே. பொன்னுசாமி வேறொரு கேள்வியைக் கேட்டார். ஓர் அமினோ அமிலம் புரதத்துக்குள் எப்படிப்பட்ட சூழலில் வாழ்கிறது, அதன் நீர்வெறுக்கும் தன்மையை அச்சூழல் எப்படித் தீர்மானிக்கிறது என்பதே அது. சக ஆய்வாளர் மணவாளனுடன் அவர் 1978இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் மையமாக வைத்து ஒரு கோளம் வரைந்து, அதற்குள் வருவனவற்றின் நீர்வெறுக்கும் அளவுகளைக் கூட்டினார்கள். 8 ஆங்ஸ்ட்ராம் ஆரம் அந்தத் தன்மையை விளக்கப் போதுமானது என்பது அவர்கள் முடிவு. அந்த மரபில் வந்த எம். மைக்கேல் குரோமிஹாவும் எஸ். செல்வராஜும் 2001இல், புரதம் மடியும் வேகத்தைக் கணிக்க முனைந்தபோது 8 ஆங்ஸ்ட்ராமை வைத்துக்கொண்டே இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தனர். வரிசையில் 12 இடங்களுக்கும் அப்பாலுள்ள இணைகள் மட்டுமே அவர்கள் கணக்கில் சேரும். மேலே கண்ட சுருளின் எட்டுத் தொடர்புகளும் இதனால் ஒரே அடியில் விலகிவிடுகின்றன. சங்கிலியின் தொலைதூரப் பகுதிகளை ஒன்றுசேர்க்கும் தொடர்புகள் மட்டும் எஞ்சுகின்றன. இவை மிகும்போது மடிதல் மெதுவாகிறது என்பது கண்டறியப்பட்டது. கேள்வி மாறியதும் எல்லையும் மாறியது. மாற்றத்துக்குக் காரணமும் கூடவே சொல்லப்பட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் மூவரும் 1998இல் ஹைட்ரஜன் அல்லாத அணுக்களுக்கு 6 ஆங்ஸ்ட்ராம் எல்லை வைத்து மடிதல் வேகத்துக்கு ஏறக்குறைய இதே போக்கைக் கண்டார்கள். எல்லை எதுவானாலும் முடிவு ஒன்றுதானே, இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு முறைகளிலும் பொதுவாக இருப்பது எது என்று பார்த்தால் விடை தெரியும். வரிசையில் எவ்வளவு தள்ளியுள்ள அமினோ அமிலங்கள் சேர்கின்றன என்பதற்கு இரண்டுமே இடம் கொடுக்கின்றன. முடிவைத் தாங்கி நிற்பது அந்த யோசனைதான். பல புரதங்களைச் சேர்த்து எடுக்கும் பொதுப்போக்கு, ஆங்ஸ்ட்ராம் கணக்கில் சிறிது மாறினாலும் நிலைக்கும். ஒரு குறிப்பிட்ட இணை தொடர்பில் உள்ளதா என்ற கேள்வி அப்படி நிலைக்காது. 7.9இல் உண்டு, 8.1இல் இல்லை என்னும் இணையை நம்பி ஒரு திடீர்மாற்றத்தை விளக்குவது ஆபத்து.

தூரத்தை விட்டுவிட்டு ஆற்றலையே கணக்கிடலாமே என்பது இரண்டாவது மறுப்பு. இயற்பியல் நோக்கில் அதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்துறையில் பரவலாக வழங்கும் மியாசாவா, ஜெர்னிகன் ஆற்றல் அட்டவணை 1985இல் எப்படிப் பிறந்தது? பக்கச்சங்கிலிகளின் மையங்கள் 6.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருவதைத் தொடர்பாகக் கொண்டு, அறியப்பட்ட அமைப்புகளில் அவற்றை எண்ணியதிலிருந்துதான். எல்லை அங்கே ஆற்றலுக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்பே இன்று வலுவானது. புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் வந்துவிட்டது, 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசிலும் புரத அமைப்புக் கணிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, தொடர்பை எண்ணும் காலம் முடிந்தது என்கிறார்கள். இதற்கு விடையாக, வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் பழங்குடி மக்களைப் பீடிக்கும் அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வருகிறது. இதனால் அந்தச் சங்கிலியின் மடிப்பு ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆக்ஸிஜனை இழந்த நிலையில், ஒரு மூலக்கூறின் வாலின், பக்கத்து மூலக்கூறில் 85ஆவது ஃபீனைல்அலனினும் 88ஆவது லூசினும் அமைக்கும் நீர்வெறுக்கும் குழியில் போய்ப் பொருந்துகிறது. இழைகள் வளர்ந்து சிவப்பணு வளைவதற்குக் காரணம் இந்த ஒரே புதிய தொடர்புதான். தனிச் சங்கிலியின் அமைப்பை எத்தனை துல்லியமாகக் கணித்தாலும் இது அதில் தெரியாது. எந்த நிலையில், எந்த மூலக்கூறுகளுக்கு இடையே தொடர்பைத் தேடுவது என்று முதலில் தீர்மானிப்பவருக்கே அது தெரியும். கணிக்கப்பட்ட அமைப்புகள் கோடிக்கணக்கில் குவியும்போது அந்தத் தீர்மானத்தின் பொறுப்பு கூடுகிறது.

ஆகவே தொடர்புப் பகுப்பாய்வைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆய்வேடும் ஐந்து செய்திகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்: தூரம் எந்த அணுக்களுக்கு இடையே அளக்கப்பட்டது, எல்லை எவ்வளவு, அதற்குச் சான்று என்ன, வரிசையில் குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு, கணக்கில் வந்தது தனிச் சங்கிலியா முழுத் தொகுப்பா. எல்லையைச் சற்றுக் குறைத்தும் கூட்டியும் கணக்கைத் திரும்பச் செய்து, முடிவு நிற்கிறதா என்றும் காட்ட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவோ புதிய கருவியோ தேவையில்லை. கணினி வசதி மிகக் குறைவாக இருந்த காலத்தில் சென்னையில் கைக்கணக்காகச் செய்யப்பட்டதைவிட இது எளிது. மென்பொருளில் தயாராக வரும் எண்ணை அப்படியே ஏற்கும் பழக்கத்தை நம் ஆய்வுக்கூடங்கள் விட்டொழித்தால், இங்கு எழுதப்படும் ஆய்வேட்டைச் சரிபார்க்கவும் திருத்தவும் வேறெங்கோ இருக்கும் ஆய்வாளருக்கு வழி இருக்கும்.