வேளாண் பொறியியல் செய்தி மடல்

பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பண்ணைக் கருவி, பாசனம், அறுவடைக்குப் பின்செய் நேர்த்தி ஆகியவற்றில் தாங்கள் கண்டறிந்ததை உழவருக்கு எழுதி அனுப்பும் சிறு வெளியீடு. அமெரிக்காவில் 1887-இல் வந்த ஹேட்ச் சட்டம் இதற்கு முன்னோடி. ஆய்வு நிலையங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அறிக்கை வெளியிட வேண்டும், கேட்கும் உழவருக்கு அதை அஞ்சல் செலவின்றி அனுப்ப வேண்டும் என்று அது விதித்தது.

தமிழ்நாட்டில் உழவர் காதுக்கு முதலில் எட்டியது வானொலிதான். 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. விதையின் பெயரையும் பருவத்தையும் காதால் கேட்டே பயிர் செய்துவிடலாம். கருவி அப்படியல்ல, அதற்குப் படமும் அளவும் வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் நாற்றை 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட்டால்தான் கோனோவீடர் என்னும் களையெடுக்கும் கருவி குறுக்கும் நெடுக்கும் ஓடும். வரிசை கோணினால் கருவி பயிரையே மிதிக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் கோவையில் உருவானது. வேளாண் பொறியியல் கல்லூரி அடுத்த ஆண்டு வந்தது. திருச்சி அருகே குமுளூரில் 1992-இல் இன்னொன்று தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் ‘உழவரின் வளரும் வேளாண்மை’ மாத இதழில் பயிர், பூச்சி பற்றிய கட்டுரைகளோடு கருவிகளும் இடம்பெறுகின்றன. படித்ததைக் கண்ணால் காட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. நாட்டின் முதல் நிலையம் 1974-இல் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் அமைந்தது. விழுப்புரம் மாவட்டத்துக்கான நிலையம் திண்டிவனத்தில் இயங்குகிறது.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2 நிலக்கடலையை 1940-இல் வெளியிட்டது. ரகத்தின் புகழ் பரவிய அளவுக்கு உரிக்கும் நுணுக்கம் பரவவில்லை என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் ஏரிப் பாசன நெல்லுக்கு அப்பால், மானாவாரி மேட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுபவருக்கு அந்த நுணுக்கம்தான் முக்கியம். உரிப்பு இயந்திரத்தின் சல்லடைத் துளை பெரிதானால் காய் உரிபடாமலே விழும். சிறிதானால் பருப்பு நசுங்கும். காய் மிகவும் காய்ந்திருந்தாலும் பருப்பு உடையும். தோல் உரிந்த பருப்பை விதைத்தால் முளைப்பு குறையும். எந்த ரகத்துக்கு எந்தச் சல்லடை என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தந்தால் பட்டறையிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

2018-இல் வந்த உழவன் செயலியில் பண்ணை இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யலாம். இயந்திரம் இப்படி வீட்டு வாசலுக்கே வந்தபின், அதை ஓட்டும் அளவுகளைச் சொல்லும் மடலின் தேவை கூடியிருக்கிறது. விழுப்புரம் மல்லாட்டைக்கென அது ஆடிப்பட்டத்துக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.