ஸ்பிரிங் இல்லாத சேசிஸ்

பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இல்லாத மோட்டார் சைக்கிள் ஜோகுபாளையத்துக்குப் புதிதல்ல. பின் ஷாக் இல்லாமல், முன் ஃபோர்க்கை நீட்டிக் கட்டும் ஹார்ட்டெயில் சாப்பர் கேட்டு என் பட்டறைக்கு வரும் பையன்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். அவர்கள் போனில் காட்டும் படங்கள் கலிபோர்னியாவில் எடுத்தவை. ஆனால் அந்த எலும்புக்கூடு, அதாவது ஹெட் பைப்பிலிருந்து பின் ஆக்சில் வரை எங்கும் அசையாத ஒரே கட்டுமானம், நம் தெருக்களில் அவர்களுடைய தாத்தாக்கள் காலத்திலேயே ஓடியது.

ஜோகுபாளையம் பெங்களூரில் அல்சூரை ஒட்டி, கேம்பிரிட்ஜ் லேஅவுட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்தின் சரித்திரமே பட்டாளத்தோடு சேர்ந்தது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மெண்ட் போட்டார்கள். 1834இல் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியியல் படை பெங்களூருக்கு வந்தது. இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. பட்டாளத்தின் பின்னால் தச்சர், கொல்லர், வண்டிக்காரர், சமையல்காரர் என்று தமிழ்க் குடும்பங்கள் வந்து கண்டோன்மெண்ட் முழுக்க நிறைந்தன. இரும்பு வேலை இங்கே பலருக்குக் கைவந்த தொழிலானதற்கு அதுவே ஆரம்பம்.

இரண்டாம் உலகப் போர் அந்தக் கைகளுக்கு வேறொரு படிப்பைக் கொடுத்தது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். 1943இல் அமெரிக்க ராணுவம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு போர் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடமாக்கியது. என் தாத்தா அங்கே ஃபிட்டர். மெல்லிய குழாயை விரிசல் விழாமல் எப்படிச் சூடேற்றுவது, பற்றவைத்த இடத்தை ஏன் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும் என்பதையெல்லாம் அங்கே கற்றுக்கொண்டு வந்து என் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். போருக்குப் பின் ஐடிஐ, ஹெச்எம்டி, பிஇஎல் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. பெங்களூரின் டர்னர்களும் வெல்டர்களும் இந்த இடங்களில் உருவானவர்கள். சாப்பர் வேலைக்கு இன்று பெங்களூரில் ஆள் கிடைக்கிறதென்றால் காரணம் இதுதான், சினிமா அல்ல.

போர்க்கால வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் படைகளுக்காக பிஎஸ்ஏ எம்20 சுமார் 1,26,000 செய்தார்கள். நார்ட்டன் 16எச் சுமார் 1,00,000. அமெரிக்கர்களின் ஹார்லி டபிள்யூஎல்ஏ வேறு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்பிரிங் உண்டு, பின்னால் கிடையாது. சண்டை முடிந்ததும் இப்படிப்பட்ட வண்டிகள், ராணுவம் கழித்துவிட்டவையாக, டிஸ்போசலில் ஏலத்துக்கு வந்தன. டிஸ்போசல் வண்டி என்றே அவற்றுக்குப் பேர். பேரல் தேய்ந்தால் லேத்தில் கடைந்தார்கள். கிடைக்காத புஷ்ஷை வெண்கலத்தில் வார்த்துப் போட்டார்கள். என் அப்பா தொழில் கற்றது அந்த வண்டிகளில்தான்.

எம்20 சேசிஸைக் கழற்றிப் பார்த்தவனுக்கு ஹார்ட்டெயில் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குழாயோடு குழாயை நேரடியாக ஒட்டியிருக்க மாட்டார்கள். வார்ப்பு இரும்பில் செய்த லக்குக்குள் குழாயைச் செருகி, குறுக்கே பின் அடித்து, பித்தளையை உருக்கி உள்ளே ஓடவிட்டிருப்பார்கள். ரோட்டின் அடி ஒரே முனையில் விழாமல் லக்கின் அகலம் முழுக்கப் பரவும். பின் ஆக்சிலைப் பிடிக்கும் பட்டை கனத்த இரும்பு. சீட்டின் அடியில் பெரிய சுருள் ஸ்பிரிங் இரண்டு; சவாரி செய்பவனின் இடுப்புக்கு உள்ள ஒரே பாதுகாப்பு அது. மீதியை டயர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். டயர், சீட், லக் மூன்றையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டிருந்தார்கள்.

பிறகு புல்லட் வந்தது. 1949இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட 346 சிசி புல்லட்டில் பின்பக்கம், சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. எங்கள் பக்கத்து ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் டிஸ்போசல் வண்டிகள் குறைந்து புல்லட்டின் சத்தம் கூடியது. 1961இல் மைசூரிலிருந்து ஜாவாவும் வந்தது. அதற்கும் பின்னால் ஸ்பிரிங் உண்டு. நல்ல முன்னேற்றம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். போர் முடிந்து திரும்பிய வீரர்கள் பழைய ஹார்லிகளை வாங்கி, மட்கார்டை வெட்டி, கனத்தைக் குறைத்து ஓட்டினார்கள். ஹார்லியின் பெரிய வண்டிகளுக்குப் பின் சஸ்பென்ஷன் வந்ததே 1958இல்தான். 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படத்தின் அந்தக் கொடி வண்ண டேங்க் வண்டியை உலகமே அறியும். அதைக் கட்டியதில் பெரும்பங்கு பென் ஹார்டி, கிளிஃப் வான்ஸ் என்ற இரு கறுப்பினத்தவர்களுடையது. ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் ஹார்லிகளை அறுத்துச் செய்தவைதான் படத்தில் வந்த வண்டிகள். படத்தின் டைட்டிலில் இருவர் பெயரும் இல்லை. பல வருஷங்களுக்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். நடிகனின் பெயர் தெரிந்த பையன்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் சொல்லாமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன். இப்போது சிலர் புல்லட்டின் பின் ஷாக் இரண்டையும் கழற்றிவிட்டு அதே இடத்தில் இரும்புக் கம்பியைப் போல்ட் போட்டு, ஹார்ட்டெயில் என்று விற்கிறார்கள். ஸ்விங் ஆர்முக்காகச் செய்த சேசிஸ் அந்த அடியைத் தாங்கப் பிறந்ததல்ல. பழைய புல்லட்டில் இன்னொரு விஷயம் உண்டு: இன்ஜினுக்கு அடியில் குழாய் ஓடாது. முன் டவுன் டியூபும் பின்பகுதியும் இன்ஜின் வழியாகத்தான் சேர்கின்றன. பின்னால் விழும் ஒவ்வொரு அடியும் நேராக இன்ஜின் போல்ட்டுக்கு வரும். முதலில் போல்ட் தளரும், பிறகு அதைப் பிடித்திருக்கும் தகடு கிழியும்.

முறையாகச் செய்வதென்றால் இன்ஜினுக்கு அடியிலும் சுற்றி வரும் சேசிஸைச் சீம்லெஸ் குழாயில் புதிதாகக் கட்ட வேண்டும். தரையில் கனத்த சேனலை ரசமட்டம் வைத்துச் சமமாகப் பதித்து, அதன் மேல் ஹெட் பைப்பையும் பின் ஆக்சிலையும் இறுக்கிப் பிடிக்கும் ஜிக். முதலில் எல்லா மூட்டையும் புள்ளி புள்ளியாகத்தான் பிடிப்போம். ஒரே பக்கம் முழுதாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் குழாய் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். இடம் வலம் மாற்றி மாற்றி ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி அளப்போம். சக்கரம் மாட்டியதும் பின் டயரிலிருந்து முன் டயர் வரை இரு பக்கமும் நூல் கட்டிப் பார்ப்பது என் அப்பாவின் வழக்கம். நூல் ஒரு நூலளவு விலகினாலும் வெல்டிங்கை அறுத்துவிடுவார்.

முன்பக்கம் அதைவிட நுணுக்கம். ஃபோர்க்கை மட்டும் நீட்டினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஹெட் பைப்பைச் சாய்த்தால்தான் சேசிஸ் மட்டத்துக்கு வரும். சாய்வு கூடினால் டிரெயிலும், அதாவது ஹெட் பைப்பின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமும், கூடும். ஹொசகோட்டை தாண்டிய நேர் ரோட்டில் அப்படிப்பட்ட வண்டி கையை விட்டாலும் கோடு மாறாது. அதே வண்டியைக் கேம்பிரிட்ஜ் ரோட்டுச் சந்தில் திருப்பும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சரியும், தோள்பட்டையால் பிடித்து நிறுத்த வேண்டும். ஹம்ப் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றுதான் கடக்க வேண்டும். அப்படி ஓட்டும்போது ரோட்டின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்குத் தெரியும். அந்த நெருக்கம் எனக்குப் பிடிக்கும். அது இல்லையென்றால் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

ஆனால் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அது. ரோட்டில் ஓட்ட ஆர்.சி. உள்ள புல்லட்டின் சேசிஸை அறுக்கச் சொன்னால் இப்போது மறுத்துவிடுகிறேன். கண்காட்சிக்கு வைக்க மட்டும் என்றால் கட்டித் தருவேன்.

ரோட்டில் ஸ்பிரிங் இல்லாமலே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. எம்20யும் 16எச்சும் கம்பெனியிலிருந்தே அப்படி வந்தவை. அங்கே மாற்றம் என்ற பேச்சே இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி வேலைக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ராலி மாதிரிக் காரியங்களுக்கு மட்டும். முக்கியமான நிபந்தனை, சேசிஸின் மூல அமைப்பை மாற்றியிருக்கக் கூடாது. இப்போது பட்டறையில் இருக்கும் எம்20இன் பின்பக்க லக் ஒன்றில் பழைய விரிசல். யாரோ ஆர்க் வெல்டிங்கில் அப்பி வைத்திருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுத்து, பின்னைத் தட்டி வெளியேற்றி, குழாயை மாற்றி, தாத்தா சொன்னபடி பித்தளை ஓடவிட வேண்டும். டேங்கைப் பிறகு பார்க்கலாம் என்று வண்டிக்காரப் பையனிடம் சொல்லியிருக்கிறேன்.