மேற்கே ஏறுதலும் கிழக்கே இறங்குதலும்

தென்காசிச் சீமையின் ஊர்களில் வழி கேட்டால் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பதில் வருவது குறைவு. “மேக்க போயி, தெக்க திரும்புங்க” என்பார்கள். திசையைச் சொன்னதும் தரையின் சாய்வும் அதிலேயே வந்துவிடுகிறது. குற்றாலத்துக்குப் போகிறவர் மேற்கே போகிறார். மேற்கு என்பதற்குள் ‘மேல்’ இருக்கிறது, மலையும் அங்கேதான் இருக்கிறது. பேரருவியாக விழும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் கலக்கிறது. கிழக்கு என்பதற்குள் ‘கீழ்’ இருக்கிறது, தண்ணீர் இறங்கும் பக்கமும் அதுதான். தென்காசி கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருநெல்வேலி 50 மீட்டரைத் தொடாது. ஆனியிலும் ஆடியிலும் சாரலைக் கொண்டுவரும் காற்றுக்கும் மேல்காற்று என்றே பெயர். இந்தச் சொற்கள் ஓர் இடத்தை நோக்கிப் போவதை மட்டும் சொல்லவில்லை, மலைத்தொடரின் இருபுறத்தாருக்கும் பொதுவாக இருந்த ஒரு பழங்காலத்தின் பதிவாகவும் நிற்கின்றன என்பதே என் வாதம்.

ஆங்கிலத்தில் இந்த வேலை வேறு விதமாக நடக்கிறது. போ, வா என்ற பொதுவான வினையின் பின்னால் அப், டவுன், இன், அவுட் என்று ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் போகும் போக்கு தெரிந்துவிடும். அந்த ‘அப்’புக்கும் தரைக்கும் தொடர்பு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கும் பாதை, நிலம் எப்படிச் சாய்ந்திருந்தாலும், ‘அப்’ பாதைதான். அங்கே மேல் என்பது தலைநகரின் மேன்மை. தமிழில் ஏறு, இறங்கு, நுழை, சேர் என்று வினைகளே போக்கைச் சொல்லிவிடுவதால் பின்னால் ஒட்டுச்சொல் தேவைப்படுவதில்லை. மேல், கீழ் என்ற சொற்கள் திசைப்பெயர்களுக்குள் போய் அமர்ந்துகொண்டன. இதைக் கூர்ந்து பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் கால்டுவெல். 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த அவர், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் தமிழின் மேற்கும் கிழக்கும் மலைக்குக் கிழக்கே வாழ்ந்தவர்கள் உண்டாக்கிய சொற்களாகத்தான் இருக்க முடியும் என்று காட்டினார். மலையாளத்திலும் கிழக்குக்குக் ‘கிழக்கு’ என்றே பெயர். ஆனால் கேரளத்தில் மலை இருப்பது கிழக்கே. புனலூரிலிருந்து தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு வருகிறவர் ‘கீழ்’ என்று பெயர்பெற்ற திசையை நோக்கி மலையேறுகிறார். 1904-இல் அந்தக் கணவாய் வழியே கொல்லம் ரயில் பாதை முழுமையானபோது வண்டிகளும் அப்படித்தான் ஏறின. மலையிலிருந்து இறங்கிவந்து வயல்களை மூழ்கடிக்கும் பெருக்கைக் குட்டநாட்டார் ‘கிழக்கன் வெள்ளம்’ என்கிறார்கள். மேலிருந்து வரும் தண்ணீருக்குக் கீழ்த்திசையின் பெயர்! அந்தச் சொல் அந்த மண்ணில் முளைத்திருக்க முடியாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. கீழும் மேலும் நிலத்தைக் குறிக்கவில்லை, ஞாயிறு கீழிருந்து எழுவதைக் குறிக்கின்றன என்பது ஒன்று. காலையில் கிழக்கே தாழ்ந்து நிற்கும் கதிரவன் மாலையில் மேற்கேயும் அதே அளவு தாழ்ந்துதான் நிற்கிறான். அவனைப் பார்த்து வைத்த பெயர் என்றால் மறையும் திசைக்கு மேல் என்ற பெயர் பொருந்தாது. மலையாளிகளே மேற்கைப் ‘படிஞ்ஞாறு’ என்று ஞாயிறு படியும் திசையாகத்தான் சொல்கிறார்கள். கதிரவனைக் கொண்டு பெயர் வைத்தால் அப்படித்தான் அமையும். மேல் அதில் வராது. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. புறநானூற்றின் ஆறாம் பாட்டில் நான்கு எல்லைகளைச் சொல்லும்போது கிழக்கும் மேற்கும் குணக்கு, குடக்கு என்ற பழைய சொற்களின் வடிவில்தான் வருகின்றன. அப்படியானால் கீழும் மேலும் பிந்திய வழக்கோ என்று கேட்கலாம். புலவர் வழக்கு ஒன்றும் உழவர் வழக்கு இன்னொன்றுமாக அருகருகே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோயில் கல்வெட்டுகளில் நிலத்தின் எல்லை சொல்லும் இடங்களைப் பார்த்தால் கீழ்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். நிலத்தை அளந்தவனுக்கும் மடை திறந்தவனுக்கும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதே முதல் கேள்வி. சிற்றாற்றுப் பாசனத்தில் தலைமடை மேற்கே, கடைமடை கிழக்கே. அந்த உழவர்களுக்கு ‘குணக்கு’ சொல்லாத ஒன்றைக் ‘கீழ்’ சொல்லியது. இன்றைய கிரயப் பத்திரங்களிலும் கிழமேலடி, தென்வடலடி என்றுதான் மனையின் அளவு எழுதப்படுகிறது. தென்காசியைச் சுற்றி மேலகரம், மேலப்பாவூர், கீழப்பாவூர், கீழக்கடையம் என்று ஊர்ப்பெயர்களிலும் அந்தச் சாய்வு பதிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தைப் போன்ற சமதரையிலும் இதே சொற்கள் வழங்குகின்றனவே என்றால், வழங்கும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு. பெயராக உறைந்துவிட்ட பிறகு சொல்லுக்கு மேடும் பள்ளமும் தேவையில்லை.

கால்டுவெல்லோடு நான் வேறுபடுவது அவருடைய முடிவில். கிழக்கு என்ற சொல் மலையைத் தாண்டிப் போயிருப்பதால் மலையாளிகளும் கிழக்கிலிருந்து போய்க் குடியேறியவர்களே என்பதற்கு அதை அவர் சான்றாக்கினார். சொல் போனதற்கு அது சான்றுதான். மக்கள் எல்லாரும் போனதற்கு அது போதாது. சேரநாடு தமிழ் வழங்கிய நாடாக இருந்த காலத்தில் இருபுறமும் ஒரே மொழி. நிலச்சாசனங்களும் பாட்டும் வணிகமும் கணவாய்கள் வழியே போய்வந்த அந்த உலகத்தில், வயலும் ஏரியும் மிகுந்த கிழக்குச் சரிவின் சொல் மேற்கிலும் நிலைத்திருக்கலாம். அதற்கு ஒரு குடிப்பெயர்ச்சி தேவையில்லை. மேலும், குடியேறியவர்கள் கொண்டுபோன சொற்கள் மட்டும்தான் இவை என்றால் ‘கிழக்கு’ தங்கி, ‘மேற்கு’ பின்னுக்குப் போய்ப் ‘படிஞ்ஞாறு’ முன்னுக்கு வந்தது ஏன்? கடலைப் பார்த்து இறங்கும் நிலத்தில் அந்தத் திசையை ‘மேல்’ என்பது காதுக்கு உறுத்தியிருக்கும். வடிவம் மாறிப்போன ‘கிழக்கு’ அவ்வளவு உறுத்தவில்லை. அங்கிருந்தவர்கள் தங்கள் நிலத்துக்கு ஏற்பச் சொற்களைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்றே இதை நான் படிக்கிறேன்.

இந்தப் பொதுமைக்குத் திசைப்பெயரைவிட வலுவான சான்று வினைகளில் இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று வகுத்திருக்கிறது. எனக்கும் உனக்கும் தருவது, அவனுக்குக் கொடுப்பது. வினை எந்த இடத்தை நோக்குகிறது என்பதை வினையே காட்டவேண்டும் என்ற நுட்பமான விதி இது. இன்றைய தமிழில் ‘உனக்குக் கொடுக்கிறேன்’, ‘அவனுக்குத் தந்தேன்’ என்று இரண்டும் கலந்துவிட்டன. மலையாளத்தில் அந்த விதி இன்னும் பேச்சில் உயிரோடிருக்கிறது: எனக்கும் உனக்கும் ‘தரும்’, அவனுக்குக் ‘கொடுக்கும்’. தொல்காப்பியர் விதித்ததை இன்று ஆரியங்காவுக்கு மேற்கே கேட்கலாம், கிழக்கே அவ்வளவாகக் கேட்க முடியாது. ஆட்சி எல்லைகள் இந்த உறவை ஒருபோதும் சரியாகக் காட்டியதில்லை. கிழக்குச் சரிவில் இருக்கும் தமிழ் ஊரான செங்கோட்டை திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மொழியைக் கொண்டு கோடு கிழித்தபோது அந்தக் கோடு ஏறக்குறைய நீர் பிரியும் முகட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு இருபுறத்துப் பள்ளிகளிலும் இரண்டு மொழிகளின் வரலாற்றைத் தனித்தனியாகவே படிக்கிறார்கள். தருதலும் கொடுத்தலும் பற்றிய தொல்காப்பிய விதியை நடத்தும் தமிழாசிரியர் மலையாளத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் மாணவருக்கு அது உடனே விளங்கும்.