கொல்லையும் பட்டாவும்

அவரையினச் செடிகள் வேர்முடிச்சு நுண்ணுயிர்களால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுவதை 1886இல் ஜெர்மானியர் ஹெல்ரீகல் அறிவித்தார். வரலாறு அவர் பெயரைச் சொல்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே தானியத்தோடு பயறு கலந்து விதைத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ரெட்டிபாளையத்துக் கொல்லைகளில் கத்தரிக்கிடையே தட்டைப்பயறு ஊன்றி, புழுவை இழுத்துக்கொள்ள ஓரத்தில் ஆமணக்கு வைக்கும் பெண்களை நான் அந்த வரிசையில்தான் வைக்கிறேன். எதை எதனோடு நடுவது என்பது அவர்கள் முடிவு. பட்டாவோ பெரும்பாலும் ஆண் பெயரில். சுண்ணாம்புக்கல்லுக்காகச் சிமெண்ட் ஆலைகள் நிலம் வாங்கும் வட்டாரம் இது. விற்கக் கையெழுத்திடுபவர் பட்டாக்காரரே. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது, ஆனால் முன்பே மணமானவர்களை விலக்கியது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்ற அச்சத்தை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. கொல்லை பறிபோனால் அந்த அறிவை எங்கே ஊன்றுவது?