பதிலின் தலைப்பில் ஒரு வரி



ஒருங்குறியில் தட்டெழுதிய தமிழ்ப் பக்கம் அயல் குறிகளாய் விரிந்ததைக் கோலா பிலாவில் நாமும் கண்டிருக்கிறோம். பழியை எழுத்துருவின்மேல் சுமத்தினோம். பிழையோ பலவேளைகளில் வழங்கி அனுப்பும் பதிலின் தலைப்பகுதியில் இருந்தது.

1991-இல் டிம் பெர்னர்ஸ் லீ வகுத்த எச்.டி.டி.பி. நெறிமுறையில் தலைப்பகுதியே கிடையாது. உலாவி ஒரே வரியில் கேட்கும். வழங்கி பக்கத்தை மட்டும் அனுப்பும். பக்கம் இல்லையெனினும் அச்செய்தி இன்னொரு பக்கமாகவே வரும். மனிதன் படித்தறிவான், நிரல் எவ்வாறு அறியும்? 1996 மே மாதம் வெளியான 1.0 ஆவணம் இதனை ஒழுங்குபடுத்தியது. பதிலின் முதல் வரியில் மூன்றிலக்க எண்: 200 எனில் கிடைத்தது, 404 எனில் இல்லை. அதன்கீழ் உள்ளடக்க வகையும் எழுத்துக் குறியாக்கமும்.

குறியாக்கம் சொல்லப்படாவிடில் மேற்கு ஐரோப்பிய இலத்தீன் எனக் கொள்க என்றது விதி. 1999 ஜூனில் வந்த 1.1 ஆவணமும் அதையே சொன்னது. இத்தனைக்கும் 1995 அக்டோபரிலேயே, சிங்கப்பூர் தேசியக் கல்விக்கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிவிட்டார். (ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர் அவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி!)

யு.டி.எஃப்-8 முறையில் ‘த’ என்னும் ஓரெழுத்துக்கு மூன்று பைட்டுகள். தலைப்பு ‘இலத்தீன்’ என்றால், உலாவி அவற்றை மூன்று தனிக் குறிகளாகக் காட்டும். பக்கத்தினுள் நாம் சரியாகக் குறித்திருந்தாலும் வழங்கியின் சொல்லே செல்லும். வழங்கியோ நம் கையில் இல்லை. அதன் மேலாளருக்கு எழுதிக் கேட்பதே வழி. இலத்தீனையே கொள்க என்னும் அவ்விதி 2014 ஜூன் மாதத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது.